அதிபரின் கண்ணாடி அலுமாரி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து நூலகத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி நிற்கிறது. சாம்பல் நிற இரும்பு அலுமாரி, முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் கதவுகள். உச்சியில் வெள்ளைப் பெயின்ரால் 'அமரர்' என்று தொடங்கி ஒரு பெயர் எழுதியிருக்கும். கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டிய படத்தில், கழுத்துப்பட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு மனிதர், புத்தகம் எடுக்க வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மக்கள் அவர் நினைவாகக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இதுதான் நிலை. தண்ணீர்த் தாங்கி, மேசை, காற்றாடி, எல்லாவற்றிலும் ஒரு செத்தவரின் பெயர் இருக்கும். இந்த அலுமாரிக்காரர் எங்களுடைய பழைய அதிபர், தலைமையாசிரியர். எல்லாம் நடந்தது வேலணைத் தீவில். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த அலுமாரியின் நடுத்தட்டில் மூன்று மாதம் ஒரு நாவல் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வாசிக்கவென்று எழுதியது. எழுதியவர் என் பெரியம்மாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அக்கா யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோப்பவர். காலை பஸ்சில் பண்ணைப் பாலத்தால் போய், பின்னேர பஸ்சில் திரும்பி வருவார். கலியாணம் செய்யவில்லை. ஊரில் அவரை நாவலாசிரியர் என்று யாரும் சொல்லவில்லை. 'கல்வெட்டு எழுதுற பிள்ளை' என்றுதான் சொன்னார்கள்.

கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். முன் அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், நடுவில் வாழ்க்கை வரலாறு, பிறகு மக்களும் மருமக்களும் அழுவதாகப் பாட்டு. அதுதான் கல்வெட்டு. அதில் ஒரு பிரதி பள்ளிக்கூட நூலகத்துக்குப் போகும், அது வழக்கம். எங்கள் ஊர்ப் பாதி வீடுகளில் பஞ்சாங்கத்தையும் கல்வெட்டுகளையும் விட்டால் வேறு புத்தகம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற நான் பிறகு தமிழ் வாசித்துப் பழகியதே கண்ட கண்ட வீடுகளில் கிடந்த கல்வெட்டுகளில்தான். அதை வாசிக்கவும் ஒரு முறை உண்டு. தேவாரத்தைத் தள்ளிவிட்டு நேரே நடுப்பக்கத்துக்குப் போவார்கள். யாருடைய பெயர் இருக்கிறது, எந்த மருமகன் விடுபட்டான், காணி கொடுக்காத தம்பியை 'அன்புத் தம்பி' என்று போட்டிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார்கள். அக்காவின் எழுத்தை ஊர் பல வருடம் அப்படித்தான் வாசித்தது. அதிபர் செத்தபோது அவருடைய கல்வெட்டை எழுதியவரும் அக்காதான். 'மாணவரைத் தம் மக்கள்போல் அரவணைத்தவர்' என்று அதில் ஒரு வரி.

செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுகிறேன். அந்த மனிதர் பிள்ளைகளை அடித்தது திருக்கை வாலால். காய்ந்த திருக்கை வால் எப்படியிருக்கும் என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். முள்ளை எடுத்துவிட்டாலும் தோல் அரம்போல இருக்கும். அப்போது சண்டை நின்றிருந்த சமாதானக் காலம். அப்பாவிடம் ஒரு சின்ன வள்ளமும், கரையில் மீன் காயவைக்கிற ஒரு வாடியும் இருந்தன. கூடு வைத்து மீன் பிடித்தார். கூடு தூக்குகிற நாட்களில் நானும் போனேன், அதனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். ஒரு நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு, "உங்கட வாடியில நல்ல திருக்கை வால் இருக்குமே? பழசு தேஞ்சுபோச்சு. ஒண்டு காய வைச்சுக் கொண்டு வாரும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய வால் ஒன்றைத் தேடி எடுத்து, உப்புப் போட்டு, கூரையில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு கிழமை காய வைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், அந்த வால் எப்படி என்று என் கெண்டைக் காலில்தான் பார்த்தார். "சொந்தச் சாமானடா, உறைக்கும்" என்றார். ஆசிரியர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் பிழை.

இரத்தம் வழிய வீட்டுக்குப் போனேன். அம்மா, "நீ என்ன செய்தனீ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காலைக் கழுவிவிட்டார். அடுத்த நாள் காலை ஊர்காவற்றுறையில் இருந்து வந்த மீன் லொறி ஒன்றில் ஏறிவிட்டேன். பிறகு எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. வவுனியாவில் லொறி கழுவினேன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், வளைகுடாவில் கம்பி கட்டினேன். திரும்பி வந்து நெடுந்தீவில் வீடு கட்டுகிற வேலைக்குக் கல் சுமந்தேன். இதில் பெரிய துயரம் ஒன்றும் இல்லை, வேலை வேலைதான். அம்மாவை இடைக்கிடை வந்து பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் காதில் கிடந்தது. எனக்காக ஒரு வார்த்தை கேட்காத அம்மா என்றே இருபது வருடம் நினைத்திருந்தேன்.

நெடுந்தீவுப் படகில்தான் நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்திருந்து, "என்னடா, உன்ர கதையை உன்ர அக்கா புத்தகமா அடிச்சு விட்டிருக்கிறா, உனக்குத் தெரியாதோ? திருக்கை வாலும் அதிபரும் எல்லாம் வருதாம். ஊரே கொதிச்சுப்போய்க் கிடக்கு" என்றார். உங்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டேன். "எல்லாரும்தான் சொல்லுகினம்" என்றார். வாசித்தீர்களா என்றதற்கு, "நான் எங்க வாசிக்கிறது, மூக்குக் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு" என்றார்.

கொதிக்க வைத்தவர் ஓவசியர். அதிபரின் தம்பி, வீதித் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் முதல் வரிசைக் கதிரை அவருக்கு. நூலகப் பொறுப்பில் இருந்த இளம் ரீச்சர் நாவலில் மூன்று பிரதி வாங்கி, பூட்டுகிற அலுமாரி அது ஒன்றுதான் என்பதால் அதிபரின் அலுமாரியில் வைத்திருக்கிறார். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாவலில் ஊருக்குப் பெயர் இல்லை, அதிபருக்குப் பெயர் இல்லை, அடி வாங்குவதும் ஒரு பெண்பிள்ளை, எங்கள் பேச்சில் பெட்டை. ஆனால் கண்ணாடியில் அதிபரின் படம், படத்துக்குப் பின்னால் அந்தப் புத்தகம். கல்வெட்டின் முன் அட்டையில் செத்தவரின் படம் இருப்பதுபோலவே ஊருக்கு அது தெரிந்தது. அக்கா அதுவரை எழுதியதெல்லாம் உண்மையான ஆட்களைப் பற்றி. இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். அட்டையில் 'நாவல்' என்று போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். தேத்தண்ணியும் வடையும் இருந்தன. அக்கா ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் தனியாக இருந்தார், பக்கத்துக் கதிரைகளை ஆட்கள் விட்டுவிட்டிருந்தார்கள். எனக்கு யாரும் கதிரை சொல்லவில்லை, பின்வாசலில் நின்றேன். ஓவசியர் சிவப்புப் பேனையால் கோடு போட்ட ஒரு பிரதியை விரித்து வாசித்தார். வாசித்துப் பழக்கமில்லாத குரல், இடையிடையே நின்று மூச்செடுத்தது. பெட்டை வீட்டில் எதிர்த்துக் கதைக்கிற இடம், சாட்டிக் கடற்கரைக்குத் தனியே போகிற இடம், அடி வாங்குகிற இடம். வாசித்து முடித்து, "இதைப் பள்ளிக்கூடத்தில வைச்சா எங்கட பெட்டையளும் இப்பிடித்தான் ஆடுங்கள்" என்றார்.

ஒரு தாய் எழும்பி, "அந்தப் பெட்டை ஆற்ற மகள்? அதைச் சொல்லுங்கோ முதல்" என்று கேட்டார். ஒரு கிழவர் கையை உயர்த்தி, "பிள்ளை, சங்கக்கடையில நான் முப்பது வருசம் நிண்டனான். உந்தப் புத்தகத்தில நான் எங்க வாறன்?" என்றார். நீங்கள் வரவில்லை என்று அக்கா சொன்னதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்ன புத்தகம் உது" என்று இருந்துவிட்டார். சிலர் சிரித்தார்கள்.

ஓவசியர் சிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள் இருந்து அதிபரின் கல்வெட்டை எடுத்தார். "'மாணவரைத் தம் மக்கள்போல் அரவணைத்தவர்.' இதை எழுதினது நீர்தானே? அப்ப இதுவோ பொய், அதுவோ பொய்?"

அக்கா இருந்தபடியே சொன்னார். "அது செத்தவருக்கு எழுதினது. இது உயிரோட இருக்கிற பிள்ளையளுக்கு எழுதினது. அப்பிடி ஒரு பெட்டை இல்லை. நான் உண்டாக்கினவள். அந்த அதிபரும் அப்பிடித்தான்."

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. தலைமை தாங்கிய இப்போதைய அதிபர் வம்பு வேண்டாத மனிதர். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கற்பனை எண்டு எழுதினவவே சொல்லுறா. ஒருதரையும் குறிக்கேல்லை எண்டு ஒரு கடிதம் தந்தா, புத்தகத்தை வேற அலுமாரிக்கு மாத்தி வைப்பம். அவ்வளவுதானே, ஓவசியர்?" என்றார். நாலைந்து பேர் "ஓம், ஓம்" என்றார்கள். அக்கா தலையாட்டினார். ஒரு நிமிடம் விட்டிருந்தால் எல்லாரும் வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாவல் நூலகத்தில் இருந்திருக்கும்.

நான் விடவில்லை. அக்கா பயந்து பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்காக ஒருவர் எழுதியிருக்கிறார், அதை நான் வாய் மூடிப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று நினைத்தேன். சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவுக்குப் போனேன். "கற்பனை இல்லை. அந்தப் பிள்ளை நான்தான். இந்தா கால், பாருங்கோ. உங்கட அண்ணை அடிச்சது" என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. இருபது வருடம் சொல்லாததைச் சொன்ன குரல்.

ஓவசியர் என் காலைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, மெதுவாக, சந்தோசமாகச் சொன்னார். "பாத்தீங்களே? கற்பனையாம். இப்ப சாட்சியே நடந்து வந்து நிக்குது. அண்ணையைத்தான் எழுதினது எண்டதுக்கு இனி என்ன வேணும்?"

இப்போதைய அதிபர் பேனையை எடுத்தார். மூன்று பிரதிகளையும் நூலகத்தில் இருந்து எடுப்பது என்று எழுதினார்கள். தழும்பைப் பற்றி ஒரு சொல் அதில் இல்லை. என்னிடம் ஒருவர் வடைத் தட்டை நீட்டினார்.

சந்திவரை அக்காவுக்குப் பின்னால் நடந்தேன். வாசிகசாலையடியில் நின்று திரும்பினார்.

"உன்னை ஆர் கேட்டது?"

"உண்மையைத்தானே சொன்னனான்."

"அவையள் உண்மை தேடியே கூட்டம் வைச்சவை? அந்தப் பெட்டை ஒருதரும் இல்லை எண்டபடியால்தானடா எல்லாப் பிள்ளையளும் அவளா இருந்து வாசிச்சதுகள். இப்ப அவள் நீ. தாடி வைச்ச ஆம்பிளை. ஓவசியருக்கு எதிரான வழக்கு. இனி எந்தப் பிள்ளை அவளைத் தொடும்?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ வாசிச்சனியோ?" என்று கேட்டார்.

என் முகத்திலேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் மூன்று வருடம் என்னோடு கதைக்கவில்லை. அவருக்குக் கல்வெட்டு எழுதக் கொடுப்பதை ஊரும் நிறுத்தியது. அச்சகத்தில் கலியாண அழைப்பிதழுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை பஸ் தரிப்பில் நூலக ரீச்சர் என்னிடம் ஒரு பிரதியைத் தந்தார். மண்ணிற உறை போட்டு, முதுகில் பள்ளிக்கூட இலக்கம் ஒட்டியது. "கூட்டத்தில கதைக்கிறதுக்கு முதல் வாசிச்சிருக்கலாம் அண்ணை" என்று மட்டும் சொன்னார். பின் அட்டைக்குள் திகதித் தாள் ஒட்டியிருந்தது. மூன்று மாதத்தில் பதினொரு திகதி. ஒரு பிள்ளை திருப்பிக் கொடுத்த அன்றே அடுத்த பிள்ளை எடுத்திருக்கிறது.

நெடுந்தீவில் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், கல் குவியலில் குந்தியிருந்து, சொல் சொல்லாக வாசித்தேன். ஒரு மாதம் சென்றது. வால் வருகிறது, காலைக் கூட்டம் வருகிறது, அதிபர் சொன்ன அதே வார்த்தையும் வருகிறது. அதுவரை நான்தான். அதற்குப் பிறகு நான் இல்லை. அந்தப் பெட்டை அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகிறாள். அதிபரின் அறைக்குள் போய், ஆணியில் தொங்கிய வாலைக் கழற்றி எடுத்து, "இது எங்கட வீட்டுச் சாமான்" என்று சொல்லிவிட்டு, பெரிய வீதியால், எல்லாரும் பார்க்க, கையில் பிடித்தபடி வீட்டுக்கு நடக்கிறாள். நான் லொறியில் ஓடியவன். சபை நடுவில் காலைக் காட்டி 'நான்தான்' என்றது பொய். ஊர் கல்வெட்டு வாசிப்பதுபோல வாசித்தது என்று எழுதினேன் அல்லவா, நான் வாசிக்காமலே அதைச் செய்தேன்.

போன வருடம் அம்மா செத்துப்போனார். கல்வெட்டு அடிக்கவேண்டும். அக்காவின் வீட்டுக்குப் போய்ப் படலையில் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. "சின்னம்மாவுக்கு நான் எழுதாமல் வேற ஆர் எழுதுறது? நீ ஒண்டும் சொல்லித்தர வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றார். அச்சடித்து வந்த பிறகுதான் நான் பார்த்தேன். பிறந்த ஊர், கலியாணம், பிள்ளைகள், இடம்பெயர்ந்த காலம். அதன் பிறகு இப்படி இருந்தது:

'எட்டாம் வகுப்பில் படித்த மகன் காலில் இரத்தத்தோடு வீடு வந்த மறுநாட் காலை, தனியே பள்ளிக்கூடம் சென்றவர். அக்காலத்து அதிபர் பேச மறுத்தபோது, மகனை அடித்த திருக்கை வாலை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துப் பெரிய வீதியால் வீடுவரை கையில் ஏந்தி வந்தவர். வந்தபோது மகன் ஊரை விட்டுப் போயிருந்தான்.'

வீட்டுக்கு வந்த நேரமெல்லாம் கோழிக்கூட்டுக் கதவு ஒரு திருக்கை வாலால் கட்டியிருந்ததைக் கண்டிருக்கிறேன். கடற்கரை வீடு, இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அக்காவிடம் ஓடினேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"நான் பத்தாம் வகுப்பு யன்னலால பாத்துக்கொண்டிருந்தனான். ஊரும்தான் பாத்தது. பாத்ததுகள் எல்லாம் அண்டைக்குக் கூட்டத்திலயும் இருந்ததுகள்."

"அம்மா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ போனாப் பிறகு சொல்லி என்ன, எண்டவ."

"அப்ப அந்தப் பெட்டை... அம்மாவோ?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் படலையே எரிந்திருக்கும். "திரும்பவும் தொடங்காத" என்றார்.

முப்பத்தோராம் நாள் எல்லாருக்கும் கொடுத்தோம். ஓவசியரும் வந்தார். எங்கள் வீட்டில் அவர் சாப்பிடமாட்டார், எப்போதும் கதிரை நுனியில் இருந்து சோடா மட்டும் குடித்துவிட்டுப் போவார். அங்கேயே நடுப்பக்கத்தைத் திறந்து விரலை வைத்து வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. போகும்போது என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இது பள்ளிக்கூடத்துக்கும் போகுமோ?"

"வழக்கம்தானே."

"அண்ணையின்ர அலுமாரிக்குள்ள இது... வடிவில்லை."

"ஊர்க் கல்வெட்டு எல்லாம் அந்த அலுமாரியின்ர கீழ்த்தட்டிலதானே கிடக்கு. அதிபரின்ர கல்வெட்டும் அங்கதான். பக்கத்தில கிடக்கட்டும்."

அவருக்கு மேற்கொண்டு சொல்ல ஏலாது. நாவலுக்குக் கூட்டம் வைக்கலாம். செத்த மனிசியின் கல்வெட்டை எடு என்று எங்கள் ஊரில் எவனும் வாய் திறக்கமாட்டான், ஓவசியர்கூட. அக்கா அதைத் தெரிந்துதான் எழுதினார்.

கல்வெட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலக ரீச்சர் இலக்கம் போட்டார். நான் குந்தியிருந்து கீழ்த்தட்டில் வைத்தேன். வென்றதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. அந்தக் கட்டுகளின் மேல் தூசி ஒரு விரல் தடிப்பில் இருந்தது. கல்வெட்டை எந்தப் பிள்ளை எடுத்து வாசிக்கும்? எங்கள் உண்மை அலுமாரிக்குள் வந்து சேர்ந்துவிட்டது, யாரும் திறக்காத தட்டுக்கு. பிள்ளைகள் மூன்று மாதம் வரிசையில் நின்று எடுத்த புத்தகம் என் பைக்குள் கிடந்தது. ரீச்சர் மேசைப் பக்கம் திரும்பிய நேரம் அதை எடுத்து, அம்மாவின் கல்வெட்டுக்குப் பின்னால், முதுகு உட்புறமாகச் செருகினேன். ரீச்சர் கண்டாரோ தெரியாது.

ஆறு மாதம் கழித்துப் போன கிழமை திரும்பவும் ஊருக்கு வந்தேன். அம்மாவின் கல்வெட்டைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி நூலகத்துக்குப் போனேன். இடைவேளை நேரம், பிள்ளைகள் வெளியில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதிபர் படத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து கீழ்த்தட்டில் கை விட்டேன். கல்வெட்டு இருந்தது. பின்னால் நாவல் இல்லை. மண்ணிற உறை மட்டும் இருந்தது, பள்ளிக்கூட இலக்கத்தோடு, நாலாக, ஒழுங்காக மடித்து. திகதித் தாளும் கிழியாமல் கழற்றி அதற்குள் வைத்திருந்தது. ஓவசியர் எடுத்திருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகமாட்டார். புத்தகம் பள்ளிக்கூடத்துடையது என்று தெரியக்கூடாது என்று நினைத்த ஒருவர்தான் உறையைக் கழற்றியிருக்கவேண்டும்.

"என்ன அண்ணை தேடுறீங்கள்?" என்று ரீச்சர் கேட்டார்.

வாசலில் மூன்று நான்கு பெட்டைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தது அதில் ஒருத்தியோ, வேறு யாரோ. "ஒண்டுமில்லை" என்றேன். உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அக்காவிடமும் சொல்லவில்லை.

ஊரின் பெயரை எழுதாததற்குக் காரணம் புத்தகத்தை எடுத்த அந்தப் பிள்ளைதான். ஓவசியருக்குப் பெயர் தேவையில்லை, இதை வாசித்தால் அவருக்குத் தெரியும். அவர் வரட்டும், அண்ணையின் அலுமாரியைத் திறந்து பார்க்கட்டும். பூட்டுத் திறப்பு, சாவி, கதவிலேயே தொங்குகிறது. உள்ளே வெறும் உறைதான் இருக்கிறது.